மூக்கில் வைத்த மூன்று மூட்டைகள்

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் பல்லாவரத்தில் சொந்தப் பட்டறை போட்டேன். விமானப் படிப்புச் சொல்லித்தரும் டெபோரா டீச்சருக்கே மரத்தில் விமானம் செய்து கொடுத்தவன் இந்தச் சம்பத்துதான். நான்கடி நீளம், நடுவில் ஒரே ஓர் இரும்பு விளிம்பின் மேல் நிற்கும்.

செம்பாக்கம் பயிற்சி நிலையத்தில் அதை மேசைமேல் வைத்து, வலையில் கட்டும் ஈயக்குண்டுகளைப் பிள்ளைகள் கையில் கொடுப்பார் டீச்சர். "எங்க வெச்சா எது சாயுதுன்னு பாருங்க. கணக்கு அப்புறம் போடலாம்" என்பார். குண்டுகள் கோவளத்து மீன்கார வீட்டுப் பெண் வெண்ணிலா கொண்டுவந்தவை. கணக்கென்றாலே நடுங்கிய அவளை அப்படித்தான் தேற்றினார்.

தோட்டத்தில் நிஜ விமானம் ஒன்றும் நின்றது. பழசு, நான்கு பேர் உட்காருவது. முதலாளி மாணிக்கவேல் அதன் எஞ்சினை விற்றிருந்தார். மூக்கு லேசாகிவிட்டால் வால் தரையில் விழும் என்று, எஞ்சின் இருந்த இடத்தில் மூன்று சிமென்ட் மூட்டை வைக்கச் சொன்னார் டீச்சர். வைத்தவன் நான்.

2006 ஆயுதபூஜைக் காலை. விமானத்தைக் கழுவி மாலை போட ஏற்பாடு.

"சம்பத்து, சாமி கும்பிடற எடத்துல சிமென்ட் மூட்டையா? எடுத்துடு" என்றார் முதலாளி.

"டீச்சர் வந்துடட்டும் சார்."

"இன்னாய்யா, தூக்க முடியலியா? வயசாயிடுச்சா?"

அந்தச் சொல்லை நான் பொறுப்பேனா? ஒருவர் கை படாமல் மூன்றையும் இறக்கினேன். தாம்பரம் வட்டாரத்தில் என் வயதில் வேறு எவனாலும் முடியாது. விமானம் அப்படியே நின்றது. ஆனால் அதுவரை நசுங்கியிருந்த முன்சக்கரம் இப்போது உப்பி, மண்ணில் பட்டும் படாமலும் இருந்தது. பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

வாலுக்கு அடியில் மண்டியிட்டு வெண்ணிலா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். முதலாளியின் மைத்துனர்கள் இருவர், நல்ல கனத்த ஆட்கள், போட்டோவுக்காகப் பின்சீட்டில் ஏறப் போனார்கள்.

"மச்சான், இது வண்டலூர் போவுமா?" என்று முதலாளியைக் கேட்டார் ஒருவர்.

"யானக் கூண்டாண்ட எறக்கி வுடும், ஏறு."

முதல் ஆள் உட்கார்ந்தார். எங்கோ தகரம் முனகியது. அப்போதுதான் டீச்சர் கேட்டுக்குள் நுழைந்தார். அவர் கண் நேராக முன்சக்கரத்துக்குப் போனது.

"மூட்டை எங்கேண்ணா?" என்று என்னைக் கேட்டபடியே வாலை நோக்கி ஓடினார். இரண்டாமவர் காலைத் தூக்கி உள்ளே வைத்தார். டீச்சர் வெண்ணிலாவின் தோளைப் பிடித்து இழுத்து எறிந்தார். கோலத்தின் மேல் வால் இறங்கியது. டீச்சரின் இடது பாதம் அதற்கடியில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். மறுநாள் போனேன்.

"மூட்டையை யார் எடுத்தாங்க?" என்றார்.

"நான்தான் டீச்சர்."

"கூட யாரு?"

"யாருமில்ல. ஒத்த ஆளா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.