தங்கச்சிக்கு வாங்கிய போக்கர் புத்தகம்

அந்தச் சனிக்கிழமை கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் நான் இருந்தேன், தங்கச்சி இருந்தாள், ஏணியில் ஏறி நின்ற கடைக்காரர் இருந்தார். அப்பாவும் அம்மாவும் இல்லை. கரவனெல்லப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில், காலையில் வெட்டிய இறப்பர் பாலைச் சேர்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். போக்கர் சீட்டாட்டம் தெரிந்தவர் என்று அந்தக் கடையில் ஒருவரும் இல்லை. அன்று அது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றவில்லை.

தங்கச்சி அவிசாவளையில் கார்மென்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். துணித் தூசியில் அவளுக்கு இழுப்பு வரத் தொடங்கி ஒரு வருடமாகியிருந்தது. இன்ஹேலர் இல்லாமல் ஷிப்ட் முடிப்பதில்லை. அவளோடு போர்டிங்கில் இருந்த பெண்தான் அந்த வேலையைப் பற்றிச் சொன்னாள். கொழும்பில் ஒரு கசினோவில் சீட்டுப் பங்கிட ஆள் எடுக்கிறார்கள். விளையாட வேண்டியதில்லை, மேசைக்குப் பின்னால் நின்று கலக்கிப் போட வேண்டும், ஜெயித்தவர் யாரென்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஏ.சி. அறை, தூசி கிடையாது. நேர்முகத்தில் போக்கர் பற்றி அடிப்படைக் கேள்விகள் கேட்பார்கள். சரியாகச் சொன்னால் பயிற்சி இலவசம், பிறகு வேலை. நேர்முகத்துக்குப் பதினொரு நாள் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் உயர்தரம் வரை படித்தவன் நான். தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியராக இருக்கிறேன். வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும், எந்த மருந்துப் போத்தல் வந்தாலும், என் கையில்தான் கொடுப்பார்கள். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"யூடியூப்ல பாத்துக்கலாமே அண்ணே," என்றாள் தங்கச்சி, பஸ்ஸில்.

"வீடியோ பாத்து யாரு பாஸ் பண்ணாங்க? புஸ்தகம் வேணும்."

கடைக்காரர் சிங்களவர். ஏணியிலிருந்து மூன்று புத்தகங்களை இறக்கினார், மூன்றும் ஆங்கிலம். ஒன்றின் அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள் சிரித்தார். அதை அம்மா பார்க்கும்படி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இன்னொன்று மெலிந்தது. பக்கத்துக்குப் பக்கம் கலர் படங்கள், பெரிய எழுத்து. முதல் பக்கத்திலேயே ஐந்தைந்து சீட்டாக அடுக்கி, மேலிருந்து கீழாக ஒரு அட்டவணை. மூன்றாவது தடித்தது. திறந்தேன். கேள்வி ஒன்று, கேள்வி இரண்டு, கேள்வி மூன்று. பின்னால் விடைகள், விளக்கத்துடன்.

எனக்கு நெஞ்சு லேசானது. சாதாரண தரம், உயர்தரம் இரண்டு பரீட்சையையும் நான் அப்படித்தான் தாண்டினேன். எங்கள் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியரே இருந்ததில்லை. கடந்தகால வினாத்தாள் புத்தகத்தை வாங்கி, விடையைப் பார்த்து, மூடி வைத்து, மறுபடி எழுதி எழுதி மனதில் ஏற்றினேன். புரிந்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டிலும் பாஸானேன்.

"மேக்க லேசி, மல்லி," என்றார் கடைக்காரர், மெலிந்த புத்தகத்தைத் தட்டி. இது சுலபம், தம்பி.

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் என் காதில் அப்படி விழவில்லை. எங்கள் உடுப்பையும் பையையும் பார்த்து, இதுகளுக்கு இது போதும் என்று படம் போட்ட புத்தகத்தை நீட்டுகிறார் என்று பட்டது. எனக்கு முகம் சூடாகியது. இது பரீட்சைக்கு வேண்டும் என்று சிங்களத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தடித்த புத்தகத்தைத் துடைத்துக் கொடுத்தார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

வீட்டில் நேர அட்டவணை போட்டேன். ஒரு நாளைக்கு ஆறு கேள்வி. தங்கச்சி வேலை முடிந்து போர்டிங்குக்குப் போகாமல் தினமும் பஸ் பிடித்து எங்கள் லய வீட்டுக்கு வந்தாள். அம்மா அப்பா காதில் விழாதபடி முற்றத்தில் உட்கார்ந்து நான் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்ல, அவள் எழுதிக்கொண்டாள்.

"ஃப்ளாப் விழுந்தவுடன் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"ஃப்ளாப்னா என்னண்ணே? எங்க விழுது?"

"அது கேள்வியில வர்ற சொல்லு. நீ விடைய பாரு."

"ஃபோல்ட் பண்ணணும், விலகிக்கணும்."

"ஏன்?"

"மூணாவது ஆளு பந்தயத்த ஏத்திட்டான்."

"சரி." சிவப்புப் பேனாவால் குறியிட்டேன்.

"எதுக்கு ஏத்துறான்னு தெரியாமலே சரியா?"

அடுத்த கேள்விக்குப் புரட்டினேன். எனக்கும் தெரியாது. காலை அசெம்பிளியில் பிள்ளைகள் பாடும்போதும் அவள் கேட்டதுதான் காதில் நின்றது. ஒரு சீட்டுக்கட்டு வாங்கலாம் என்று நினைத்தேன். ஆனால் லயத்துக்குப் பின்னால் சம்பள நாளில் நடக்கும் சீட்டாட்டத்தில் அம்மாவின் அண்ணன் ஒரு பசுமாட்டையே விட்டவர். சீட்டு எங்கள் வாசலைத் தாண்டி வரமுடியாது. கொழும்பில் ஹோட்டல் வேலை என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தோம்.

ஒன்பதாம் நாள் தங்கச்சி ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று எடுத்தாள். "டிஸ்டிங்ஷன்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நேர்முகத்துக்கு முதல் நாள், நான் பழுப்புத் தாள் உறை போட்டிருந்த அந்தப் புத்தகத்தை அம்மா எடுத்தார். பரீட்சை என்றால் புத்தகத்தைச் சாமி படத்துக்கு அடியில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் எல்லாப் பரீட்சைக்கும் வைத்திருக்கிறார்.

"என்ன புஸ்தகம் தம்பி இது?"

"ஹோட்டல் படிப்பும்மா."

"கனமாத்தான் இருக்கு. நல்ல படிப்பு." உறையின் மேல் குங்குமம் வைத்தார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன்.

மறுநாள் கசினோவுக்கு எதிரே, செவ்விளநீர் விற்பவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவளோடு பதினெட்டுப் பேர் உள்ளே போனார்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தவள் தங்கச்சி.

சீக்கிரம் முடித்துவிட்டாள் என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் பெருசா கேக்கலண்ணே. மேசையில அஞ்சஞ்சு காட்ஸா நாலு வரிசை போட்டாங்க. எது பெருசு, எது சின்னதுன்னு அடுக்கச் சொன்னாங்க. அவ்வளவுதான்."

"நீ என்ன செஞ்ச?"

"ஒண்ணுல அஞ்சும் இதயம் போட்ட ஆர்ட்டின். இன்னொண்ணுல நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டுன்னு வரிசையா இருந்திச்சு. வரிசைதான் கஷ்டம், அதான் பெருசுன்னு வச்சேன்."

"அது..."

"அது பிழையாம், ஆர்ட்டின்தான் பெருசாம். மத்ததும் பிழை. படிக்காமலா வந்தீங்கன்னு இன்டர்வியூ எடுத்த மேடம் கேட்டாங்க. அம்பது கேள்வி படிச்சேன் மேடம்னேன். ஒண்ணு சொல்லுங்க பாப்போம்னாங்க. சொன்னேன். பக்கத்துல இருந்த ஆபீஸர் சேர் சிரிச்சிட்டாரு."

"பிழையா சொன்னியா?"

"சரியாத்தான் சொன்னேன். அதான் சிரிச்சாரு. இவ்வளவு கஷ்டமானது தெரியுது, ஜெயிச்சது யாருன்னு தெரியலியேன்னு."

அந்த அட்டவணை என் கண்ணுக்குள் வந்து நின்றது. மெலிந்த புத்தகத்தின் முதல் பக்கம், பெரியது மேலே, சின்னது கீழே. நான் அதைப் பார்த்திருந்தேன், பார்த்துவிட்டு மூடியிருந்தேன். நடைபாதையில் வைத்தே அதை அவளிடம் சொன்னேன். சொல்லாமல் பஸ் ஏற முடியாது போலிருந்தது.

அவள் மூச்சு விசிலடித்தது. இன்ஹேலரை எடுத்து இரண்டு தரம் இழுத்தாள்.

"படம் இருந்திச்சுன்னா வாங்கமாட்டியா நீ?"

"கடைக்காரரு நம்மள மட்டமா நெனக்கிறாருன்னு நெனச்சேன்."

"நெனச்சாத்தான் என்ன மாஸ்டர்? அவரா இன்டர்வியூ எடுக்கிறாரு?"

பிறகு அவள்தான் மிச்சத்தைச் சொன்னாள். கை வேகமாக இருக்கிறது என்று மேடம் சொன்னாராம். இலவச வகுப்பில் இடமில்லை. காசு கட்டிப் படிக்கும் வகுப்பு ஒன்று அடுத்த மாதம் தொடங்குகிறது, ஆறு வாரம், அதை முடித்தாலும் எடுப்பார்கள். தையல் மெஷின் வாங்க அவள் மூன்று வருடமாகச் சேர்த்த காசு இருந்தது.

"மெஷினுக்குத்தானே அது," என்றேன்.

"மெஷின் வாங்கினாலும் துணிதானே அண்ணே? தூசிதானே?"

அன்று வீட்டில் உண்மையைச் சொன்னதும் அவள்தான். அம்மா சாமி படத்தடியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பா மட்டும் நெடுநேரம் தலையைச் சொறிந்துவிட்டுக் கேட்டார்: "நாங்க காட்ஸ் போட்டா பொலிஸ் புடிக்கும். இவ போட்டா சம்பளமா?"

"ஆமாப்பா."

"அப்ப போகட்டும். மூச்சு விட்டாப் போதும்."

தங்கச்சி வகுப்பை முடித்தாள், அதே மேசைக்கு முன்னால் மறுபடி நின்றாள், எடுத்துக்கொண்டார்கள். புத்தகம், இரண்டு பேருக்கும் பஸ், கார்மென்டில் லீவு போட்டதால் கையைவிட்டுப் போன வருகை போனஸ், வகுப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து, இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய அந்தப் பயிற்சிக்கு எங்களுக்கு ஆனது ஐம்பத்து மூவாயிரத்து நானூறு ரூபாய்.