பேட் செக்டரில் பதினோரு விநாடி

பழைய ஹார்ட் டிஸ்க்கை யாரும் குணப்படுத்துவதில்லை; கெட்டுப்போன இடத்துக்கு மட்டும் போகாதே என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கிறோம், எங்கள் தொழில் அவ்வளவுதான். பதினேழு சதவீதம் பதினெட்டாக மாறுவதைப் பார்க்கச் சோறு தண்ணி இல்லாமல் திரை முன்னால் காத்துக்கிடந்த சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்வது புரியும். ஷார்ஜா ரோலாவில், பணம் அனுப்புகிற எக்ஸ்சேஞ்சுக்குப் பின்சந்தில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் எனக்கு வேலை. வயது பத்தொன்பது. தனித்திறமை, யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன்.

மேஜைக்கு அடியில்

டிஸ்க்கில் கெட்ட இடம், அதாவது பேட் செக்டர், வந்துவிட்டால் உள்ளேயிருந்து 'டிக்... டிக்... கர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அதை நான் நாக்காலேயே செய்வேன். முதலாளி பஷீர் இக்கா, கண்ணூர்க்காரர், ஒருநாள் ஒரு பட்டான் டிரைவருக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் டிஸ்க் ஒன்றை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கேபிள் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் புகுந்து 'டிக்... டிக்... கர்ர்' என்றேன். இக்கா முகம் வெளிறி வேறு டிஸ்க் மாட்டினார். அதற்கும் டிக். மூன்றாவதை அவர் கையில் எடுத்தபோதே அவசரப்பட்டு டிக் என்றுவிட்டேன். கரன்ட்டே கொடுக்காத டிஸ்க் எப்படிச் சத்தம் போடும்? மாட்டிக்கொண்டேன்.

பட்டான் வயிறு குலுங்கச் சிரித்தார். இக்கா சிரிக்கவில்லை. மறுவாரம் நாற்பது நாள் லீவில் ஊருக்குப் போகிறவர் அவர். கடையை என்னை நம்பித்தான் விட வேண்டும். டிஸ்க்கில் இருப்பதை முதலில் நகல் எடுத்துவிட்டுத்தான் ரிப்பேரில் கைவைக்க வேண்டும் என்பதைச் சாவியைக் கொடுக்கும்போது அவர் பாணியில் சொன்னார்: "எடா மோனே, ஆத்யம் காப்பி, பின்னெ ரிப்பேர். அதை மறந்தா, ஈ கடையில ஒரே ஒரு பேட் செக்டர்தான், அது நீ."

டிபன் கேரியரில் வந்த டிஸ்க்

இக்கா போன மூன்றாம் நாள் முருகேசன் அண்ணன் வந்தார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். சஜாவில் லேபர் கேம்ப், ஏசி டக்ட் மாட்டுகிற வேலை. ரூமில் எட்டுப் பேருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் இருந்ததாம். அதன் டிஸ்க்கைக் கழற்றி, துண்டில் சுற்றி, டிபன் கேரியரின் மேல் அடுக்கில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "படமும் பாட்டும் போனாப் போவுது தம்பி. எங்கப்பா பேசுனது ஒண்ணு உள்ள கெடக்கு" என்றார்.

அவர் அப்பா போனைக் கண்டாலே எழுந்து ஓடுகிற ஆளாம். மச்சான்தான் அவரை ஒருநாள் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப்போய், தலையில் ஹெட்போனை மாட்டி, ஒன்றே முக்கால் நிமிடம் பேசவைத்து சிடியில் அனுப்பியிருக்கிறார். பத்து நாளில் அப்பா போய்விட்டார். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. சிடியும் கீறிப்போய்விட்டது. டிஸ்க்கில் இருப்பது மட்டும்தான் மிச்சம். டிபன் கேரியரை மூடிக்கொண்டு சொன்னார்: "வர்ற வெள்ளிக்கெழம வாரேன். அந்தக் கொரலு மட்டும் வந்துட்டாப் போதும், வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

மத்தி மீனுக்குப் பக்கத்தில்

அண்ணனின் டிஸ்க்கை மாட்டக் கேபிளைத் தேடினால், அதற்குள் நஹ்தாவிலிருந்து ஓர் எஞ்சினியர் சார் மனைவியோடு வந்து நின்றார். கெட்ட டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்று ஆபீஸில் யாரோ சொன்னார்களாம். இரண்டு நாள் வைத்திருக்கிறார். டிஸ்க் என் மேஜையில் சொட்டுச்சொட்டாக உருகியது. கடை முழுக்க மீன் வாடை.

"சார், இது காயவே ரெண்டு நாள் ஆகும்" என்று அவருடைய சொந்த ஆபீஸ் குரலிலேயே சொன்னேன். அவர் கவனிக்கவில்லை. மனைவி கவனித்துவிட்டார், உதட்டைக் கடித்துச் சிரித்தார். போகும்போது கணவரைப் பார்த்து: "மத்திக் குழம்பு வெச்சப்பவே கேட்டேனே, அந்தப் பெட்டியையும் சேத்துப் போட்டுரவான்னு!"

ரிசப்ஷன் பெண்

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். என் ரூமில் ஆறு பேர், ஆறு பேருக்கும் ஆறு டூட்டி. நான் பார்த்ததெல்லாம் தூங்குகிற முதுகுகள்தான். இக்காவும் போன பிறகு, கடையில் பேச ஆளே இல்லை. அதனால் என் தொண்டையிலிருந்தே ஆட்களைச் சேர்த்தேன். போன் அடித்தால் முதலில் இந்தி பேசுகிற ரிசப்ஷன் பெண், "ஏக் மினிட், சார்." அவள் தருவது மலையாளி டெக்னீஷியனிடம். அவர் சிக்கலான கேஸ் என்றால் தொண்டை கனத்த மேனேஜரிடம். நடுநடுவே டீ கொண்டுவரும் பட்டான். நால்வரும் தங்களுக்குள் சண்டைகூடப் போட்டார்கள்.

அந்தச் சண்டை ஒன்றின் உச்சத்தில்தான், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு முருகேசன் அண்ணனின் டிஸ்க்கை மாட்டினேன். 'ரிப்பேர் செய்யவா?' என்று திரை கேட்டது. 'ஆமாம்' என்பதற்கான ஒய் எழுத்தைத் தட்டிவிட்டேன். காப்பி எடுக்கிற சாஃப்ட்வேர் கெட்ட இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும். ரிப்பேருக்கு அந்தப் பொறுமை கிடையாது, கேட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் அங்கே வெற்றிடம் வைத்து மூடிவிடும். 'ஆத்யம் காப்பி' என்று இக்கா குரலில் தினமும் ஐம்பது தடவை சொல்லிக் கெக்கலித்தவன் நான். ஒரு தடவையாவது காதில் வாங்கியிருக்கலாம். ரிப்பேர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, முந்தின நாள் போன் செய்திருந்த ஆள் ஒருவர் நேரிலேயே வந்து, கடையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்கே பாய், ரிசப்ஷன்ல அந்தப் பொண்ணு இன்னைக்கு லீவா?"

நான் என்ன சொல்றேன்னா

ஃபைல் வந்தது. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். "கேக்குதா... ஆங்... மாடு கன்னு போட்டுருச்சு. தெக்குத்தெருவுல ரோடு போட்டுட்டான். வெயில்ல நிக்காத. நான் என்ன சொல்றேன்னா..." அங்கே நின்றது. பதினோரு விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் இருமல். "அம்புட்டுத்தான். வச்சிர்றேன்."

போயும் போயும் அந்த இடத்தில். இரண்டு நாள் அந்த இருமலைப் பழகினேன். வியாழக்கிழமை மைக்கைப் பிடித்து, அந்தப் பதினோரு விநாடியில் நானே பேசிவிட்டேன்: "முருகேசா, ஒன்னய நெனச்சாப் பெருமையா இருக்குய்யா." எந்த அப்பாவும் சொல்லக்கூடியதுதானே? என் அப்பா இன்னும் சொல்லவில்லை, அது வேறு. ஒட்டுப் போட்ட இடம் தெரியவே இல்லை. என் வாழ்நாளின் சிறந்த மிமிக்ரி அது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சந்து நிறைந்த நேரம் அண்ணன் வந்தார். கண்ணை மூடிக் கேட்டார். கன்றுக்குட்டிக்குச் சிரித்தார். அந்த இடம் வந்ததும் கண் திறந்தது. ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்தார். "எங்கப்பா என்னய ஒருநாளும் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல தம்பி. 'ஏய்'ம்பாரு, அம்புட்டுத்தான்."

வெற்று இடம்

மேனேஜர் குரலைத் தேடினேன், வரவில்லை. டெக்னீஷியனும் வரவில்லை. கடைசியில் என் குரலில், அது கொஞ்சம் கீச்சென்றுதான் இருக்கும், ஒய் தட்டியதிலிருந்து மைக் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். ஹெட்போனை மறுபடி எடுத்துத் தலையில் மாட்டினார். பிறகு, "ஒன்னோடத எடுத்துட்டு உள்ளதைப் போடு" என்றார்.

போட்டேன். மூன்று தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பதினோரு விநாடியில் தலையை லேசாகச் சாய்த்துக் காத்திருந்தார். நானும் மூச்சுவிடாமல் காத்திருந்தேன். இரண்டு சிடியில் எழுதிக் கொடுத்தேன், வாங்கி டிபன் கேரியருக்குள் வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "அந்த எடத்த அப்புடியே விட்ரு தம்பி. நடுவுல எந்திரிச்சு வெத்தல துப்பப் போயிருக்காருன்னு நெனச்சுக்கறேன்."

ஆக, சக பாவிகளே, இக்கா இல்லாத அந்த நாற்பது நாளும் கடையை நான்கு பேர் நடத்தினார்கள். ஐந்தாவது ஆளாக, என் சொந்தக் கீச்சுக் குரலோடு நான் வேலைக்குச் சேர்ந்தது அந்த வெள்ளிக்கிழமைதான்.