செல்லமுத்தண்ணனின் பித்தளைக் கியர்

அன்று காலை ஒன்பது மணிக்குச் செல்லமுத்தண்ணனுக்கு நான்தான் போன் செய்தேன். நெருப்பெரிச்சலில் இருக்கும் என் நிட்டிங் யூனிட்டில் ஒரு மெஷின் நின்றுவிட்டது. அவர் மனைவி எடுத்து, "வெடியால நாலு மணிக்கு நெஞ்சு வலிச்சு எறந்துட்டாருங்க" என்றார். இனி மெஷினை யார் பார்ப்பது என்பதுதான் என் மனதில் முதலில் வந்தது. இதையெல்லாமா அஞ்சலியில் எழுதுவது என்று கேட்பீர்கள். அவரை அறிந்த உங்களிடமும் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இருபது வருடம் என்னிடம் ஃபிட்டராக இருந்தார். மெஷின் நிற்பதற்கு முந்தின நாளே சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார். "மெசினு சொல்லாம நிக்காதுங்க, நம்ம காதுதான் மந்தம்" என்பார்.

வெள்ளகோவில் பக்கம் சொந்த ஊரில் அவருக்கு மழையை நம்பிய ஒரு ஏக்கரா மேட்டுக்காடு. அதை உழுவதற்காகப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு டில்லரை வாங்கினார். பின்னால் நடந்தபடி ஓட்டும் சின்ன வண்டி. ஞாயிறுதோறும் துரு சுரண்டி, கழற்றி மாட்டி, இன்ஜினை ஓட வைத்துவிட்டார். மண் கிளறும் கத்திகளைச் சுழற்றும் கியர் மட்டும் பல் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. கோயமுத்தூர்க் கடைகளில் கையை விரித்துவிட்டார்கள்.

அதே கம்பெனி டில்லர் ஒன்று, என் அப்பா வாங்கியது, எங்கள் தோட்டத்து ஷெட்டில் கிடந்தது. அண்ணன் என்னிடம் வந்து, "அப்பாவோட டில்லரு இருக்குதுங்களா மொதலாளி? அந்தக் கியரு மட்டும் வேணுங்க" என்றார். "அதைப் போன வருசமே எடைக்குப் போட்டாச்சுங்கண்ணா" என்றேன். என் ஃபிட்டருடைய டில்லர் ஓடி என்னுடையது கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. வைக்கோல்போரில் படுத்த நாயின் புத்தி. "செரீங்க, பரவால்லீங்க" என்று போய்விட்டார்.

பிறகு அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறை ஒன்றில் பித்தளையிலேயே அந்தக் கியரை வார்த்துக்கொண்டார். மேட்டுக்காட்டுக் கல்லுக்கு அது தாங்கவில்லை; ஒரு உழவுக்கு ஒன்று போனது. "நம்ம பித்தளைக்குப் பொங்கல் வெக்கத்தானுங்க தெரியும், உழவுக்குத் தெரியாது" என்பார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடக்கத்துக்கு அவர் ஊருக்குப் போனபோது காட்டைப் பார்த்தேன். மழை பெய்து ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. பாதிக் காடுதான் உழுதிருந்தது. டில்லர் நடுவில் நின்றது. வீட்டுச் சுவரோரம் பல் போன மூன்று பித்தளைக் கியர்கள்.

"எங்களது எடைக்குப் போகாம இருந்திருந்தா..." என்று அவர் மனைவியிடம் அங்கேயும் அதே பொய்யை ஆரம்பித்தேன்.

அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "உங்க தோட்டத்துல மோட்டாரு பாக்க வந்தன்னைக்கே, சாக்குக்கு அடியில டில்லரப் பாத்துட்டுத்தானுங்க உங்ககிட்டக் கேட்டாரு. இன்னொருக்காக் கேளுங்கன்னு நானும் சொன்னனுங்க. 'கேட்டா மொதலாளி இன்னொருக்காப் பொய் சொல்லோணும், பாவம்'னு விட்டுட்டாரு."

காரியம் முடிந்தபின் எங்கள் டில்லரின் கியரைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "இனி எதுக்குங்க?" என்று அந்த அம்மா வாங்கவில்லை. அது இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. ஒரு பல்கூடத் தேயவில்லை. செல்லமுத்தண்ணன் நினைவாக என்னிடம் இருப்பது, அவருக்கு நான் கொடுக்காத அது ஒன்றுதான்.