ஏழு பேரும் ஒரு டேப் ரெக்கார்டரும்

சேவை அமைப்பு தொடங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உதவி செய்யப் புறப்பட்ட நாளிலிருந்து நாம்தான் வீடு வீடாக உதவி கேட்டு அலைவோம். தொண்ணூறுகளில் மந்தைவெளியில் நானும் என் தோழி வசந்தியும் அப்படி அலைந்தோம். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை வாசித்து, கேசட்டில் பதிந்து கொடுப்பது எங்கள் திட்டம்.

ஏழாவது ஆள்

சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். ஆறு பேர் விதிமுறைகளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஏழாவதாக மாடி வீட்டு மாமாவைப் பிடித்தோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். கடைசிப் பக்கத்தில், சங்கத்தைக் கலைக்கும் முறை பற்றிய விதி. நிமிர்ந்து, வெகு அக்கறையாகக் கேட்டார்: “கலைக்கறதுக்கு இப்பவே விதி எழுதிண்டு வந்துட்டேளே, அதுக்குள்ளயே சண்டையா?”

முத்திரை

பதிவு அலுவலகத்தில் இருந்த அம்மாள் எங்கள் மனுவை இரண்டு தடவை புரட்டினார். ஏதோ பிழை என்று நினைத்து வசந்தி என் கையைக் கிள்ளினாள். அவருக்கோ வேறு சந்தேகம். ஏழு பேரில் பார்வை இல்லாதவர் யார் என்று கேட்டார். யாரும் இல்லை என்றோம். முத்திரை குத்திக்கொண்டே சொன்னார்: “அப்போ அவங்களுக்கு என்ன வேணும்னு யாரைக் கேப்பீங்க?”

முதல் கேசட்

அந்தக் கேள்வி வீடு வரை கூடவே வந்தது. மறுநாளே தேட ஆரம்பித்து, தேவகியைக் கண்டுபிடித்தோம். அடையாறு ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறவள், எம்.ஏ. சரித்திரம், பிறவியிலேயே பார்வை கிடையாது.

வசந்தி ஒரு பாடத்தை ஏற்ற இறக்கத்தோடு உருக்கமாக வாசித்திருந்தாள். நடுவில் குக்கர் மூன்று விசில் அடித்ததுதான் குறை என்று நினைத்திருந்தோம். கேசட்டைக் கேட்ட தேவகிக்குக் குக்கர் ஒரு பொருட்டே இல்லை. “அக்கா, இன்னா இது, தாலாட்டு மாரி கீது? படிக்க சொல்ல தூக்கம் வர்து. சர்ருனு படிச்சிக்கினு போ!”

விட்டுப்போன படங்கள்

சர்ரென்று படித்ததில் வேறு தப்பு நடந்தது. பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கையில் தேவகி வந்து நின்றாள். ‘வரைபடம் காண்க’ என்று வந்த இடத்தையெல்லாம் நாங்கள் தாண்டிப் போயிருந்தோம். படத்தை எப்படி வாசிப்பது? எங்களை நம்பி அவள் வேறு ஏற்பாடே செய்துகொள்ளவில்லை.

இரண்டு நாள் முழுக்க உட்கார்ந்தோம். அவள் விரலைப் பிடித்துப் பாயின் மேல் கடற்கரையை வரைந்தேன், ஆற்றை ஓட்டினேன், கோட்டையையும் ஊர்களையும் வைத்தேன். அவள் கேட்கக் கேட்க, அந்த ஊர்கள் ஏன் ஆற்றோரமாகவே வரிசையாக இருக்கின்றன என்று எனக்கும் ஆர்வம் வந்துவிட்டது. வாய்விட்டுச் சொன்னேன். அவள் சிரித்தாள். “இத்தினி நாளு பாத்துக்கினுதானே இருந்த? உனுக்கும் இப்பத்தான் தெரியுதாக்கா?”

எட்டாவது உறுப்பினர்

தேவகி பாஸ் செய்தாள். உடனே சங்கத்தில் சேர்த்துக்கொண்டு, வாசிக்க வருகிறவர்களின் குரலைத் தேர்வு செய்யும் பொறுப்பை அவளிடமே கொடுத்தோம். முதல் நாளே, தலைவி என்ற முறையில் நான் பெருமையாகப் பதிந்து வைத்திருந்த கேசட்டை ஓடவிட்டாள். பாதியில் நிறுத்தினாள். “அக்கா, தப்பா நெனச்சிக்காத. நீ வேற வேல பாரு.”

சேவை செய்தே தீருவது என்று சங்கம் ஆரம்பித்த எனக்கு, கடைசியில் கேசட்டுக்கு லேபிள் ஒட்டும் சேவைதான் வாய்த்தது.