எருக்குழி மண்ணுக்கு ஏகப்பட்ட மார்க்

மண் பரிசோதனை லேபில் நின்றுகொண்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறீர்களா? போன மாதம் எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது.

நைனார்பாளையத்தில் என் கொழுந்தனார் ஆரோக்கியசாமி மரவள்ளி போட்டிருக்கிறார். செடி முழங்கால் உயரம் வந்ததும் இளம் இலைகளெல்லாம் மஞ்சளடிக்க ஆரம்பித்தன. உடனே அவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

“எம் மண்ணுல ஒரு கொறயும் இல்ல அண்ணி. நட்ட குச்சிதான் சரியில்ல!”

அந்த மரவள்ளிக் குச்சிகளைக் கொடுத்தது யார்? அவர் மனைவி ஸ்டெல்லாவின் அம்மா வீடு. போதாதா? வீட்டில் சமையல் நடந்தது, பேச்சு நடக்கவில்லை.

கடைசியில் ஒரு சமரசம். மண்ணை லேபில் கொடுத்துப் பார்ப்பது. மண்ணில் குறை என்றால் வைத்தியம். இல்லையென்றால் டிராக்டர் விட்டு அத்தனை செடியையும் உழுதுவிட்டு மக்காச்சோளம். ஸ்டெல்லாவுக்குத் தூக்கம் போய்விட்டது – பயிரோடு பிறந்த வீட்டு மானமும் போய்விட்டால்?

ரிப்போர்ட் வாங்க மூவருமாகக் கள்ளக்குறிச்சி போனோம். எல்லாச் சத்தும் அமோகம்! இந்த மண்ணுக்கு உரமே தேவையில்லையாம். ஆரோக்கியசாமி மீசையைத் தடவிக்கொண்டார். ஸ்டெல்லாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

லேப் மேடம் மட்டும் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஐயா, மண்ணு எங்க எடுத்தீங்க?”

“எருக்குழி ஓரமா மேடம். கருகருன்னு சூப்பரா இருந்துச்சு. மாவு சலிக்கிற சல்லடையில சலிச்சி எடுத்தாந்தேன்.”

“செடி இருக்கிற எடத்துல எடுக்கலயா?”

“இன்னா மேடம்... நாலு பேரு பாக்கற எடத்துக்கு அனுப்பறம். அந்த வறண்ட மண்ணயா அனுப்பறது?”

முதலில் வெடித்தது நான்தான். அப்புறம் மேடம். ஸ்டெல்லாதான் அலறினாள்: “அய்யய்யோ, அதுலதான அக்கா இடியாப்ப மாவு சலிச்சிக்கினு இருக்கேன்!”

அந்த இடியாப்பத்தை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் நானும் கிளம்பியிருந்தேன். அதற்கு மேல் யாருக்கும் சிரிப்பு நிற்கவில்லை... ஸ்டெல்லா உட்பட.

சிரிக்கிறோமே, நாம் மட்டும் என்ன? சுகர் டெஸ்டுக்கு முன்னால் சில நாள் ஸ்வீட் பக்கமே தலைவைக்காமல் இருந்துவிட்டு, ரிசல்ட் நார்மல் என்றதும் டாக்டரிடமே பெருமையடிப்பதில்லையா? டெஸ்ட் நமக்காகத்தான் என்பதே மறந்துபோய், பாஸாவது ஒன்றே குறியாக இருக்கிறோம்.

மேடம் சொன்னபடி, மஞ்சளடித்த நிலத்திலேயே அங்கங்கே குழி வெட்டி, மண்ணை ஒன்றாகக் கலந்து மறுபடி கொடுத்தோம். இரும்பும் துத்தநாகமும் கம்மி என்று வந்தது. குச்சி நிரபராதி! லேபில் சொன்ன நுண்ணூட்டக் கரைசலைத் தெளித்தார்கள்.

நேற்று போய்ப் பார்த்தேன். புதுத் துளிரெல்லாம் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. எனக்கே துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. ஆரோக்கியசாமி வரப்பில் பக்கத்து நிலத்துக்காரரை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“இன்னா சாதாரணக் குச்சின்னு நெனச்சீங்களா? எங்க மாமியார் வூட்டுக் குச்சிங்க!”

மாமியார் வீட்டுக்கு இப்படியொரு சர்டிபிகேட்டை எந்த லேப் கொடுக்கும், சொல்லுங்கள்!