திரைக்குக் கீழே நின்ற லாரிகள்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் எனக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. அப்படியிருந்தும் நான் செய்தவற்றைச் சொல்கிறேன். ரெட்டிபாளையத்துப் பக்கம் சிமெண்ட் ஏற்ற வரும் லாரிகள் நிற்பதற்காக, கருவேல முள் மண்டிக் கிடந்த நிலத்தை வெட்டித் திருத்தினேன். "இந்தச் சுண்ணாம்புப் பாறையில தண்ணியா?" என்று சிரித்தவர்களே வந்து குளிக்கும்படி போர் போட்டேன். டிரைவர்களுக்குக் கக்கூஸ் கட்டினேன். அதன் அருமை ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு நின்ற லாரி உரிமையாளர்களை ஒரே சங்கத்தில் உட்கார வைத்தேன். கிளீனராக வண்டி ஏறியவன் அந்தச் சங்கத்துக்குத் தலைவனும் ஆனேன். இவை எல்லாவற்றுக்கும் மேலே, முறை கொண்டுவந்தேன்.

முறை என்றால் பெரிய சங்கதி இல்லை. முதலில் வந்த வண்டிக்கு முதலில் லோடு. அதற்கு முன்பெல்லாம் ஆலையில் ஆள் பழக்கம் உள்ளவன் வண்டி முன்னால் போகும். பழக்கம் இல்லாதவன் வண்டிக்கு அடியில் சோறு பொங்கித் தின்றுகொண்டு கிடப்பான். நான் புக்கிங் ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, வந்த வரிசைப்படி வண்டி நம்பரைச் சாக்பீஸால் எழுத வைத்தேன். போகிற திசையைப் பிரித்து எழுதுவோம். திருச்சிப் பக்கம் மேலே, கும்பகோணம் பக்கம் நடுவில், பெரம்பலூர், லப்பைக்குடிக்காட்டுப் பக்கம் கடைசியில். எந்தப் பக்கத்துக்கு லோடு வருகிறதோ அந்தப் பக்கத்தின் முதல் வண்டியைக் கூப்பிட வேண்டும். பலகை நிறைந்துவிட்டால் மிச்ச நம்பர்களைப் பலகைக்குக் கீழே சுவரிலேயே எழுதுவோம். கண்ணால் பார்க்காத எதையும் டிரைவர்கள் நம்ப மாட்டார்கள். அதனால்தான் எல்லாமே வாசலில் இருந்தது.

ஆனால் சாக்பீஸ் எழுத்து ஒரு சாரலுக்குத் தாங்காது. சில பேர் வேண்டுமென்றே முதுகால் உரசி அடுத்தவன் நம்பரை அழித்துவிட்டு, "தெரியாம பட்டுருச்சு தலைவரே" என்று பல்லைக் காட்டுவார்கள். கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று கூட்டத்தில் நான் சொன்னபோது, சிமெண்ட் தூசியில் அது தும்மியே செத்துவிடும் என்றார் எங்கள் சங்கச் செயலாளர். அவர் பி.யூ.சி. படித்தவர். நான் வாங்கிவிட்டேன். திருச்சியில் ஒருவர் எங்களுக்காக முறை எழுதும் புரோகிராம் செய்து தந்தார். அதை இயக்க, பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தேன். அவள் தகப்பனாருக்கு அவளை லாரிகளுக்கு நடுவில் அனுப்ப மனமில்லை. நான் நேரில் போய், என் பொறுப்பு என்று சொல்லி அழைத்து வந்தேன். பெட்டியை ஜன்னலோரம் சாய்த்து வைத்தோம். உள்ளே அவளும் பார்க்கலாம், வெளியே கம்பிக்கு அப்பால் டிரைவர்களும் பார்க்கலாம்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு டிரைவர்கள் முணுமுணுத்தார்கள்.

"தலைவரே, என்னத்த எழுதியிருக்குன்னே தெரியல. கடுகைக் கொட்டுன மாதிரி இருக்கு."

நியாயமான பேச்சு. அரியலூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்து, எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். அவர் எதையோ மாற்றினார். ஒவ்வொரு நம்பரும் கொட்டை கொட்டையாக, ரோட்டில் நின்றே படிக்கும்படி ஆனது. எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னது சரியான உத்தரவு. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மறுநாள் ஆலையிலிருந்து பெரம்பலூர்ப் பக்கத்துக்கு லோடு இருப்பதாகச் சொன்னார்கள். பெண் திரையைப் பார்த்தாள். அந்தப் பக்கத்து வண்டி ஒன்றும் இல்லை. போக இஷ்டப்பட்ட ஒரு திருச்சி வண்டிக்கு லோடு போனது. அடுத்த லோடும் அப்படியே போனது. வெளியே நின்ற லப்பைக்குடிக்காட்டு வண்டியின் டிரைவர் நேரே டெலிபோன் பூத்துக்குப் போய் முதலாளிக்குச் சொல்லிவிட்டான்.

முதலாளி ஒரு பெண்பிள்ளை. புருஷன் சவுதியில் உழைத்து அனுப்பியதில் வாங்கிய ஒற்றை வண்டி. அவரே பஸ் பிடித்து வந்து, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னலில் நின்றார்.

"அண்ணே, என் வண்டி எங்கண்ணே?"

"வெளிய நிக்கிதே தங்கச்சி."

"வெளிய நிக்கிறது எனக்குத் தெரியுது. உள்ள நிக்கிதா? இந்தப் பொட்டிக்குள்ள காட்டுங்க பாப்போம்."

காட்ட முடியவில்லை.

"எங்கூருப் பக்கத்து வண்டி ஒண்ணைக்கூட காணோம். திருச்சி வண்டி மட்டும் வரிசை கட்டி நிக்கிது. நான் ஓசிக்கு வந்து நிக்கலண்ணே. எனக்குச் சேர வேண்டிய ஹக்கு என்னவோ, அதைக் கொடுங்க."

பின்னாலிருந்து ஒரு டிரைவர், "பொட்டி முழுங்கிருச்சுக்கா. நேத்து எழுத்தைப் பெருசாக்குனாங்கல்ல, பசி எடுத்திருக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

செயலாளர் என் காதருகில் வந்தார். ரகசியம் பேசுவதுபோல் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். "நான் அப்பவே சொன்னேன் தலைவரே. பொண்ணை வூட்டுக்கு அனுப்பிட்டு போர்டை மாட்டுங்க. திருச்சி வண்டிக்காரங்கிட்ட கை நீட்டியிருக்கும்."

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. "நான் ஏத்துனேன்யா. அந்த அக்கா வண்டி நம்பர இந்தப் பொட்டியில என் கையால ஏத்துனேன். எங்க போச்சுன்னு எனக்கே தெரியலைய்யா. இந்தப் பேரோட நான் எப்படிய்யா பெரம்பலூர் பஸ்ல ஏறுவேன்?" என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்தாள்.

பையை எடுத்தவளை நான் தடுத்தேன். "உக்காரு பாப்பா. இப்ப எந்திரிச்சா ஒத்துக்கிட்டதா ஆயிரும்." செயலாளரிடம் திரும்பி, "அவளை அனுப்பணும்னா முதல்ல என்னை அனுப்புங்க. நான் கூட்டியாந்த பொண்ணு" என்றேன்.

அவர் வாயை அடைத்தாயிற்று, வண்டி எங்கே? எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பலகை தெரியும். அதனால் பலகையை வைத்தே கேட்டேன்.

"பாப்பா, போர்டு நெறஞ்சா நாம செவுத்துல எழுதுவோமே. இது நெறஞ்சா எங்க எழுதும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். "இதுவும் கீழதான்யா எழுதும். ஆனா கீழ போறதுக்கு ஓரத்துல ஒரு பட்டை இருக்கணும். ஸ்க்ரோல் பார்னு சொல்வாங்க. அதைப் புடிச்சு இழுத்தா பக்கம் ஏறி இறங்கும். நான் படிச்ச எடத்துல எல்லா ஸ்கிரீன்லயும் இருந்துச்சு. இதுல அந்தப் பட்டையே இல்லைய்யா."

பட்டை இல்லாவிட்டால் என்ன வழி? மவுஸ் என்கிற அந்த எலியை விட்டுவிட்டு, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும் பொத்தானை அவள் தட்ட ஆரம்பித்தாள். திருச்சிப் பக்கத்து நம்பர்களைத் தாண்டினாள், கும்பகோணத்தைத் தாண்டினாள். திரையின் அடிவிளிம்பு வந்தது. இன்னும் ஒரு தட்டு. படம் முழுக்க மேலே ஏறியது. கீழேயிருந்து, கிணற்றில் வாளி வருவதுபோல், லப்பைக்குடிக்காட்டுப் பக்கத்து வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் நம்பர் அந்த அம்மாளுடையது.

ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆரவாரம். "எங்க வண்டி! அந்தா, எங்க வண்டி!" என்று அந்த டிரைவர் கம்பியைப் பிடித்து உலுக்கினான்.

அந்தப் பெண் திருச்சிக்குப் போன் போட்டாள். புரோகிராம் செய்தவர், தன்னிடம் இருந்த பெரிய திரையில் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியதால், பட்டை எதற்கு, பார்க்க அசிங்கம் என்று எடுத்துவிட்டாராம். எங்கள் சின்னத் திரையிலும் முதலில் மயிரிழையில் அடங்கித்தான் இருந்திருக்கிறது. எழுத்து பெரிதானதும் கடைசிப் பக்கம் விளிம்புக்குக் கீழே போய்விட்டது. அவர் போனில் சொல்லச் சொல்ல, இவள் அந்தப் படிவத்தை வடிவமைக்கும் இடத்துக்குள் போய், பட்டை கீழேயும் வேண்டாம், பக்கத்திலும் வேண்டாம் என்று இருந்ததை இரண்டும் வேண்டும் என்று மாற்றினாள். மூடித் திறந்தபோது வலது ஓரத்தில் சாம்பல் நிறப் பட்டை நின்றது. அவள் அதைப் பிடித்து இழுக்க, நம்பர்கள் ஏறி இறங்கின. டிரைவர்கள் இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

லப்பைக்குடிக்காட்டு அம்மாள் கம்பிக்குள் கையை விட்டு அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டார். "கோவத்துல பேசிட்டேன்மா. மாப்பு பண்ணிரு."

"நீங்க கேட்டதனாலதான்க்கா தேடுனேன்" என்றாள் இவள்.

அடுத்த லோடு அந்த அம்மாள் வண்டிக்குப் போனது. செயலாளர் எல்லோருக்கும் டீ சொன்னார். முதல் கிளாஸை அவரே எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் மேஜையில் வைத்தார். அவர் மன்னிப்புக் கேட்கும் விதம் அது.

அந்த அம்மாளுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். வாசலில் நின்று வாய்விட்டுக் கேட்காமல், பொருமிக்கொண்டே வேறு ஊருக்கு வண்டியை ஓட்டியிருந்தால், என் முறை செத்திருக்கும், எனக்குத் தெரியாமலே. போனை வைக்காமல் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த திருச்சிக்காரருக்கும் நன்றி. அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? அழுத கண்ணோடு தட்டிக்கொண்டே இருந்தாளே! கல்யாணமாகிப் போகும்வரை எங்கள் ஆபீஸில் அவளுடைய நாற்காலியில் வேறு ஒருவரும் உட்காரவில்லை.

இப்போது சங்கம் சிறப்பு மலர் போடுகிறது. செயலாளர் எழுதிய கட்டுரையைப் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "கணினியில் ஏற்பட்ட சிறு கோளாறு உடனடியாகச் சரிசெய்யப்பட்டது" என்று ஒரே வரி. தானாகச் சரியானதா? ஒரு பெண் திருட்டுப் பட்டம் சுமந்து பஸ் ஏற இருந்தது சிறு கோளாறா? அந்த வரியை எடுக்க வேண்டும். கண்டுபிடித்தது அவள் என்று அவள் பெயரைப் போட வேண்டும். அவளை எழுந்து போகவிடாமல் உட்கார வைத்ததும், இது நிறைந்தால் எங்கே எழுதும் என்று கேட்டதும் நான் என்று அதற்கு அடுத்த வரியில் என் பெயரைப் போட வேண்டும். மலர் போடுகிறவர்களே, அச்சுக்குப் போகும் முன் என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். எழுத்துக் கூட்டியாவது நானே படித்துப் பார்ப்பேன்.