ஐந்து நான்கான அட்டவணை

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் அறிவித்தார்கள். கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் எனக்கு அதில் வாக்கு இல்லை.
2. மன்னாரில் இருந்த அக்கா, அதாவது என் பெரியம்மாவின் மகள், வேட்பாளர்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணை செய்து தரச் சொன்னார்.
3. செய்தேன்.
4. அனுப்புவதற்கு முன் அதில் ஓர் எண்ணை மாற்றினேன்.
5. அக்கா, அவர் கணவரான அத்தான், அவர்களின் மகள் மூவரும் நாட்டை விட்டு வந்தார்கள்.

நான்காவது, இந்த வசந்தகாலம் வரை எனக்கு மட்டுமே தெரியும்.

அக்கா அங்கே அரச பாடசாலையில் கணித ஆசிரியை. அத்தான் படகு இயந்திரம் திருத்தும் பட்டறை வைத்திருந்தார். எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக விசிட் விசாவில் கனடா வந்துகொண்டிருந்தார்கள். அக்கா வீட்டிலும் மூன்று பேருக்கும் விசா கிடைத்திருந்தது. அத்தானுக்கு ஊரில் இருக்கவே விருப்பம். அக்காவுக்கு இரண்டு மனம். கடைசியில், நாட்டைச் சீராக்கக்கூடிய ஒருவராவது போட்டியில் இருக்கிறாரா என்று பார்த்து முடிவெடுப்போம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அங்கே ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொருவர் பக்கம். தூரத்தில் இருக்கும் எனக்குப் பக்கம் இல்லை என்று அக்கா நம்பினார்.

நான் மென்பொருள் சோதனை செய்பவள். இரண்டு கருவிகளில் எதை வாங்குவது என்று வேலையிடத்தில் கேட்டால், அளவுகோல்களை எழுதுவோம். எதற்கு எவ்வளவு பாரம் என்று கேட்டவரையே சொல்ல வைப்போம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்குப் புள்ளியிட்டு, பாரத்தால் பெருக்கி, நூறுக்குக் கூட்டுவோம். இதையும் அப்படியே செய்தேன். அக்கா அரச ஊழியர் என்பதால் பெயர்களை எழுதவில்லை. முன்னணியில் நின்ற மூவரும் அ, ஆ, இ ஆனார்கள். அளவுகோல்கள் இரண்டு: பொருளாதாரம், ஆளின் பண்பு.

பொருளாதாரத்துக்குத்தான் அதிக பாரம் கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். நூறில் நாற்பதுதான் கொடுத்தார். பண்புக்கு அறுபது.

“காசு வரும், போகும். பொய் சொல்லுற ஆளை அஞ்சு வருசம் வைச்சிருக்கேலாது, பிள்ளை,” என்றார். தேறும் புள்ளியையும் அவரே வைத்தார். “முப்பத்தஞ்சு எடுத்துப் பாஸ் பண்ணுற ஆள் எனக்கு வேண்டாம். ஒருத்தராவது ஐம்பது தாண்டினா நாங்கள் இருக்கிறம்.”

மூன்று கிழமை, நாங்கள் இருக்கும் பிக்கரிங்கில் இருந்து ரொறன்ரோ நகரத்துக்குப் போகும் காலை ரயிலில் தேர்தல் விஞ்ஞாபனங்களையும் பேச்சுகளின் மொழிபெயர்ப்புகளையும் வாசித்தேன். மருந்து இறக்குமதிக்கு என்ன வழி சொல்கிறார், வரி யார் தலையில் விழும், தெற்கில் சொன்னதை வடக்கிலும் சொன்னாரா, முன்பு தோற்றபோது எப்படி நடந்துகொண்டார். வீட்டில் அம்மா என் தோளுக்கு மேலால் திரையைப் பார்ப்பார்.

“உவனுக்குப் பண்புக்கு அஞ்சோ? உவனை நான் கேற்றுக்குள்ளயும் விடமாட்டன்.”

எங்களுக்கு அங்கே வாக்கு இல்லை என்று நினைவூட்டினேன்.

“அதாலதான் உவன் தப்பினான்,” என்றார் அம்மா.

அம்மா சொன்னது ‘ஆ’வை. கூட்டி முடித்தபோது அ நாற்பத்திரண்டு, இ நாற்பத்தாறு, ஆ ஐம்பத்துநாலு. அக்காவின் கணக்குப்படி அவர்கள் ஊரிலேயே இருக்கலாம்.

அந்த அட்டவணையை இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அதற்கு முந்தைய பனிக்காலத்தில் அம்மா பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து, எழும்ப முடியாமல் உள்ளே ஊர்ந்துவந்து, நான் வேலையால் வரும்வரை கதவோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது. எனக்கு வேலையில் தொல்லை தரக்கூடாது என்று தொலைபேசி எடுக்கவில்லையாம். அதன் பிறகு ரயில் ஏறும் ஒவ்வொரு நாளும் எனக்கு அந்தப் படி கண்ணில் வந்தது. அக்கா குடும்பம் வந்தால் எங்கள் பேஸ்மென்றில் இருப்பார்கள். பகலில் யாராவது ஒருவர் அம்மாவோடு இருப்பார். இதை அக்காவிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் மாட்டேன் என்று சொல்லவும் இடம் இருந்திருக்கும்.

‘ஆ’வின் பண்புக்கு நான் போட்டிருந்த ஐந்தை நான்காக்கினேன். ஐம்பத்துநாலு நாற்பத்தெட்டானது. அம்மாவே அவரைக் கேற்றுக்குள் விடமாட்டேன் என்றார்தானே, புள்ளி என்பது ஓர் அபிப்பிராயம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அனுப்பினேன்.

அடுத்த நாள் அக்கா அழைத்தார். “பெருக்கல், கூட்டல் எல்லாம் பாத்தன். சரி. ஒருத்தரும் தேறேல்லை.” பக்கத்தில் அத்தான் இருந்தார். நான் பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னாராம்.

தேர்தல் நாளில் அக்கா ‘ஆ’வுக்கே வாக்களித்தார். மற்ற இருவரும் அதைவிடக் குறைவுதானே என்றார். ‘ஆ’ வென்றார். அவருடைய ஆட்சி நல்லதா கெட்டதா என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. அக்கா சம்பளமில்லாத நீண்ட லீவு எடுத்தார். அத்தான் பட்டறையைத் தன்னிடம் வேலை செய்தவருக்குக் கொடுத்தார். மூவரும் வந்து எங்கள் பேஸ்மென்றில் குடியிருந்து அகதிக் கோரிக்கை வைத்தார்கள். வேலை அனுமதி வந்ததும் அக்கா ஸ்கார்பரோவில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் பொதி கட்டப் போனார், அத்தான் ஒஷாவாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றப் போனார். இருவருக்கும் பகல் வேலை. கிழமையில் நான் நகரத்துக்கு வேலைக்குப் போகும் மூன்று நாளும் அம்மா முன்புபோலவே தனியே இருந்தார்.

இந்த வசந்தகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பட்டறையை எடுத்தவர் அன்று காலை அத்தானோடு கதைத்திருந்தார். டீசல் தாராளமாகக் கிடைக்கிறதாம், படகுகள் ஒழுங்காகக் கடலுக்குப் போகின்றனவாம், வேலை செய்ய ஆள் காணாதாம்.

“மச்சாளின்ர கொம்பியூட்டர் எங்களை ஏமாத்திப்போட்டுது போல,” என்று அத்தான் சிரித்தார். குத்திச் சொல்லவில்லை. கோழிக்கறியை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் சொன்னார்.

அத்தான் மகளை நூலகத்துக்குக் கூட்டிப் போன பிறகு, அக்காவைக் கூப்பிட்டு இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினேன். மாறிய கட்டத்தை நான் சுட்டுவதற்கு முன்பே அவர் கண்டுவிட்டார்.

“ஏன் மாத்தினனி?”

அம்மா விழுந்ததைச் சொன்னேன். முறிவு அவருக்குத் தெரியும். அவ்வளவு நேரம் தனியே உட்கார்ந்திருந்தது தெரியாது. அக்கா கதிரையில் இருந்துகொண்டு, முதல் அட்டவணையை மேலிருந்து கீழாக, கொப்பி திருத்துவதுபோல வாசித்தார்.

“சின்னம்மாவுக்குத் துணை வேணுமெண்டு கேட்டிருந்தா யோசிச்சிருப்பம்,” என்றார். “வந்திருப்பமோ தெரியாது. ஆனா, எதுக்காக வாறம் எண்டு தெரிஞ்சு யோசிச்சிருப்பம். அவர் பட்டறையைக் குடுத்தது உந்த நாப்பத்தெட்டைப் பாத்து.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் இரண்டு அட்டவணைகளையும் மூடினார்.

“அத்தானுக்கு நீ சொல்லாதை. நான் சொல்லுறன்,” என்றார்.

இன்றைய நிலை இது. கோரிக்கை விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை. விரும்பினால் கோரிக்கையை மீளப்பெற்றுத் திரும்பலாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். அக்காவின் லீவு இன்னும் முடியவில்லை. பட்டறை கைமாறியது மாறியதுதான். அம்மாவுக்குப் பகலில் துணை இருக்க, வோபர்னில் இருந்து ஓர் அன்ரியைக் கிழமைக்கு மூன்று நாள் வரச் சொல்லியிருக்கிறேன். அக்கா என்னோடு தேவையானதை மட்டும் கதைக்கிறார். அத்தானிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.